ஸலாமுக்கு ஒராள் போதும்

எங்கள் டீச்சர் பாதையில் ஏறினால் முதல் வேலையாக ஒரு கேள்வி கேட்பார். "இண்டைக்குத் தண்ணி எப்பிடி?"

பாதை என்றதும் நடக்கிற பாதை என்று நினைத்துவிடாதீர்கள். கிண்ணியாத் துறையைக் கடக்க எங்களுக்கு இருப்பது ஒரு பெரிய மிதவை. அதற்குத்தான் பாதை என்று பெயர். இக்கரைக்கும் அக்கரைக்கும் கட்டிய கம்பி வடத்தைப் பிடித்து ஆட்கள் இழுப்பார்கள். பஸ், சைக்கிள், மாடு, மீன்பெட்டி, புதுமாப்பிள்ளை எல்லாம் அதில்தான் வந்து போகவேண்டும். மாட்டுக்கும் மாப்பிள்ளைக்கும் முகத்தில் ஒரே பயம்தான் இருக்கும்.

டீச்சர் கேட்டதும் வடம் இழுக்கிற மீராலெவ்வைக் காக்கா (எங்களுக்கு அண்ணன் என்றால் காக்கா), "ஒண்டுமில்ல டீச்சர், குளம் மாதிரிக் கிடக்கு" என்பார். கதை அதோடு முடியவேண்டும். முடியாது. டீச்சர் மீன்பெட்டிக்காரரிடம் திரும்புவார். "நீங்கள் சொல்லுங்கோ, தண்ணி எப்பிடி?" பிறகு சைக்கிள்காரர். பிறகு கைப்பிள்ளையோடு நிற்கிற பெண். புதிதாக ஊருக்கு வருகிற ஆள் என்றால், பாவம், படித்த பெண், தலைக்குள் ஏதோ கழன்றுவிட்டது என்று ஒதுங்கி நிற்பார்.

"அவர்தான் செல்லிட்டாரே டீச்சர்?"

"அவர் சொன்னது அவற்ற கதை. நீங்கள் உங்கட கதையைச் சொல்லுங்கோ."

ஊரில் இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நான் டீச்சரின் எட்டாம் வகுப்பில் இருந்தவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைகழுவிவிட்டோம் என்பதால் என் எழுத்தில் பிழை இருக்கும். காரணத்தில் பிழை இருக்காது.

டீச்சரின் பெயர் ஞானமலர் நிக்கலஸ். ஊர் திருகோணமலைப் பட்டணத்துக்குப் பக்கத்தில் பாலையூற்று. அவருடைய தகப்பன் துறைமுகத்தில் வெள்ளைக்காரனின் கப்பல் பட்டறையில் தச்சுவேலை செய்தவர். வெள்ளைக்காரன் கப்பலைக் கட்டிக்கொண்டு போனபோது வேலையும் அதில் ஏறிப் போய்விட்டதாம். துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். கடற்கரைக்குப் போனாலும் மணலோடு நின்றுகொள்வாராம். அப்படிப்பட்டவரைப் பிடித்து, ஒவ்வொரு நாளும் துறை தாண்டி வரவேண்டிய எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டார்கள். யார் போட்டாரோ, அவரும் என்னைப் போல ஒரு குறும்புக்காரராகத்தான் இருக்கவேண்டும்.

பாதையின் நட்டநடுவில், கறுப்புக் குடையை ஊன்றி, பெப்பர்மின்ட் ஒன்றை வாயில் அடக்கி, ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்பார். "கொக்கு டீச்சர்" என்று பெயர் வைத்தேன். ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. நான் செய்த காரியங்களில் இவ்வளவு கெதியாக ஒப்பேறியது வேறொன்றும் இல்லை.

கோதுமை மா தட்டுப்பாடு வந்து, பாணுக்கு வரிசையில் நின்று, மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று எங்கள் நாக்கே வெளுத்துப்போன காலம் அது. அந்த நேரம் பார்த்துப் புதிய பாடத்திட்டமும் வந்தது. டீச்சரைப் பட்டணத்தில் ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர் நாங்கள் உட்காருகிற நீள வாங்குகளை எல்லாம் தூக்கிச் சதுரமாகப் போடச் சொன்னார். ஆண்பிள்ளைகள் இரண்டு பக்கம், பெண்பிள்ளைகள் இரண்டு பக்கம்.

"இனி நான் மட்டும் கதைக்கிறேல்ல. நீங்களும் கதைக்கவேணும். இதுக்குப் பேர் கலந்துரையாடல்."

சட்டங்களைக் கரும்பலகையில் எழுதினார். கையைத் தூக்கிவிட்டுக் கதைக்கவேண்டும். ஒராள் கதைக்கும்போது மற்றவர் காது கொடுக்கவேண்டும். மறுத்துச் சொல்வதென்றால், "உங்கட கருத்தை மதிக்கிறன், ஆனால்" என்று தொடங்கவேண்டும்.

அன்று பின்னேரம் பாண் வரிசையில் ஒரு பெரியவர் எனக்கு முன்னால் புகுந்தார். "உங்கட கருத்தை மதிக்கிறன் காக்கா, ஆனால்" என்றேன். பிடரியில் ஒன்று விழுந்தது. கலந்துரையாடல் என்றால் இதுதானாக்கும் என்று தடவிக்கொண்டேன்.

வகுப்பில் அடி விழவில்லை. கதையும் விழவில்லை. டீச்சர் கேள்வி கேட்பார். "டக்" என்று வாங்குச் சத்தம் கேட்கும். முத்தலிப் எழும்புவான். பதில் சொல்வான். உட்காருவான். அவ்வளவுதான்.

"வேற ஆர்?"

நாங்கள் கூரையில் பல்லியைப் பார்ப்போம்.

முத்தலிப் எங்கள் வகுப்பின் வாய். படிப்பில் முதலாம் ஆள் என்றில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்றால் அவனால் தாங்க ஏலாது. பஸ் கொண்டக்டர் "ஆர்ரா மணியடிச்ச?" என்று கத்தினாலும் இவன்தான் பதில் சொல்வான், அடித்தவன் நானாக இருந்தாலும். குரல் உடைகிற வயது. ஒரு சொல்லில் ஆடு கத்தும், அடுத்த சொல்லில் கதவு கிறீச்சிடும். அவன் இருந்த வாங்குக்கு ஒரு கால் குட்டை. மறுமுனையில் இருந்தவன் ஸைனுலாப்தீன். முத்தலிப் எழும்பினால் வாங்கு ஸைனுலாப்தீன் பக்கம் சரிந்து, குட்டைக்கால் சிமெந்தில் "டக்" என்று தட்டும். அந்தச் சத்தம் கேட்டால் எங்களுக்கு ஒரு நிம்மதி. பதில் வருகிறது, நாங்கள் தப்பினோம்.

அந்த வருசம் மாரி கடுமை. ஒரு நாள் காலையில் டீச்சர் வந்து சேர்ந்த பிறகு பாதையின் வடம் அறுந்துபோனது. பாதைக்காரர்கள் வேறு வடம் எடுக்கத் தோணியில் அக்கரை போய்விட்டார்கள். கடைசிப் பாடம் டீச்சருடையது. அவருக்குப் பாடத்தில் மனமில்லை; யன்னலால் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பாடமும் நடக்கட்டும், தன் கேள்விக்கும் விடை கிடைக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பிக் கேட்டார்.

"பாதை ஓடேல்ல. தோணியில துறையைக் கடக்கிறது சரியோ, பிழையோ? காரணத்தோட சொல்லுங்கோ."

டக்.

"கடக்கலாம் டீச்சர். அக்கரை கண்ணுக்குத் தெரியிது. எங்கட மாமாட தோணி இரிக்கி. நானே ஒங்களக் கொண்டு விட்டுட்டு வாறன்."

எல்லாரும் சிரித்தோம். டீச்சருக்கும் முகம் மலர்ந்தது. "நல்ல பதில்" என்றார். "வேற ஆர்?" என்றும் கேட்டார். கேட்கும்போதே குடையை எடுத்துவிட்டார்.

போகும்போது மழை விட்டிருந்தது, தண்ணீர் அசையாமல் கிடந்தது. நாங்கள் நாலைந்து பேர் கரையில் நின்று, டீச்சர் இரண்டு கையாலும் தோணியின் விளிம்பைப் பிடித்திருக்கிற கோலத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். அக்கரையில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவர் இறங்கி, முத்தலிப்புக்குக் கையைக் காட்டிவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

திரும்பி வரும்போதுதான் தோணியின் மூக்கு கடல் பக்கம் திரும்பியது. காதைப் பிடித்து ஆரோ திருப்பியது போல. முத்தலிப் சவள் துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டான். எழும்பி நின்றான். எங்களைப் பார்த்து ஏதோ சொன்னான். மழை இறங்கி அவனை மூடியது. மழை விட்டபோது துறை வெறுமையாக இருந்தது.

பிறகு கரையோரக் கண்டல் மரங்களுக்குள் இருந்து அவனை எடுத்து வந்தார்கள். அவன் கடைசியாகச் சொன்னது என்ன என்று நாங்கள் ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொன்னோம். ஒருவருக்கும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

டீச்சர் மையித்து வீட்டுக்கு வந்தார். முத்தலிப்பின் உம்மா மைமூனாத்தா சுவரோடு சாய்ந்திருந்தா. பெண்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு வழி விட்டார்கள். எனக்கு மூத்த ராத்தா அந்த இடத்தில் இருந்தவ. அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். மைமூனாத்தா திட்டவில்லை. அழவுமில்லை. "டீச்சர், ஒங்களில எனக்குக் கோவமில்ல" என்றாவாம். "ஒண்டு மட்டும் செல்லுங்க. அவ்வளவு புள்ளைகள் இரிந்திச்சிகளே. போகாத எண்டு செல்ல ஒராளுக்குமா தோணல்ல?"

டீச்சர் திரும்பி நடந்தாராம். அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். அன்றிலிருந்து அவர் சுமந்தது அதைத்தான். மைமூனாத்தாவுக்கு ஒரு பதில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அந்தப் பதில் எங்கள் வாய்களுக்குள் இருந்தது.

பள்ளிக்கூடம் மறுபடி தொடங்கியது. வாங்கில் முத்தலிப்பின் இடத்தை ஒருவரும் எடுக்கவில்லை. டீச்சர் சதுரத்தின் நடுவில் நின்று மெல்லிய குரலில் கேட்டார்.

"நெல்லு விளையுற ஊரில அரிசிக்குத் தட்டுப்பாடு ஏன் வருது?"

டக்.

வகுப்பு முழுக்க விறைத்துப்போனது. முத்தலிப்பின் இடத்தில் ஒன்றும் இல்லை. வெளியில் தென்னோலை கூட அசையவில்லை. டீச்சரின் கையிலிருந்த சோக்கட்டி இரண்டாக உடைந்தது. பிறகு எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தன.

"நான் இல்ல!" என்றேன்.

நம்புவார்களா? பள்ளிக்கூட அதிபரின் கதிரையில் பிசின் பூசியவன், பள்ளி மணிக்குள் துணி சுற்றியவன். அந்த ஊரில் பேய் செய்கிற வேலைக்கும் என் பெயர்தான் எழுதப்படும். ஆனால் டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. வெறும் இடத்தையே பார்த்து, "சொல்லு" என்று உதடு அசைத்தார்.

அடுத்த கேள்விக்கும் டக். அதற்கடுத்ததுக்கும். பெண்பிள்ளைகளில் சிலர் ஓதத் தொடங்கினார்கள். கடைசியில் டீச்சர் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார். குறிப்புச் சொல்வார், நாங்கள் எழுதுவோம். சதுரம் சதுரமாகவே கிடந்தது. அதற்குள் ஒரு சொல்லும் இல்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. பேய் என் பெயரில் வேலை பார்ப்பது அநியாயம். ஆகையால் எழுதுவதை விட்டுவிட்டு அந்த வாங்கையே பார்த்திருந்தேன். ஒரு நாள் அதிபர் வாசலில் தலையை நீட்டி, "இந்த வகுப்புக்கு இப்ப என்ன பாடம்?" என்று கேட்டார். கேட்டதும் ஸைனுலாப்தீன் தன்னை அறியாமலே உடம்பை வாங்கின் நடுவுக்கு இழுத்தான். முத்தலிப் எழும்பினால் சரியும் என்று முன்கூட்டியே பாரம் கொடுக்கிறான். ஒருவரும் எழும்பவில்லை. மெல்ல உடம்பை விட்டான். குட்டைக்கால் தட்டியது. டக். அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது.

நான் கண்டுபிடித்துவிட்டேன். சொல்லியிருந்தால் என் பெயர் துடைபட்டிருக்கும். ஆனால் அவனுடைய முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை. சொல்லவேண்டியவன் அவன்.

அதே கிழமை இன்னொன்று நடந்தது. எங்கள் அதிபர் கலீலுர் றஹ்மான் சேர் வகுப்புக்குள் வந்து "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

இதை வெளியாளுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். எங்கள் ஆட்களிடம் ஸலாம் சொல்லிப் பதில் வராமல் போவது என்றால், சுவர் சாய்ந்தது போல. அவர் வாசலில் நின்றார். நாங்கள் இருந்தோம். எல்லாரும் ஒரு குரலுக்குக் காத்திருந்தோம், ஆடும் கதவும் சேர்ந்த அந்தக் குரலுக்கு. அது வராது என்று விளங்கியதும் முழு வகுப்பும் ஒன்றாக "வஅலைக்கு முஸ்ஸலாம்!" என்று கத்தியது. சில பேருக்குக் கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. அதிபர் திரும்பிப் போனார்.

இடைவேளையில் டீச்சர் என்னைத் தாழ்வாரத்தில் பிடித்தார். பிசின் கதையாக்கும் என்று நான் பயந்தேன்.

"மஜீத், முதல்ல ஏன் ஒருத்தரும் பதில் சொல்லேல்ல?"

"ஒராள் செல்லினாப் போதும் டீச்சர். சபைக்கு ஸலாம் செல்லினா அதில ஒராள் பதில் செல்லினா எல்லாருட கடமையும் நீங்கிடும். முத்தலிப்தான் எப்பவும் செல்லுற."

டீச்சர் ஓரடி கிட்ட வந்தார். "அப்ப என்ர கேள்விக்கும்...?"

"அதுவும் அப்பிடித்தானே. சபையப் பாத்துத்தானே கேட்டீங்க."

"வேற ஆர் எண்டு கேட்டனே?"

"பதில் வந்த பொறகு வேற ஆர் எண்டா என்ன டீச்சர்? ஸலாமுக்கு ரெண்டாம் தரமாப் பதில் செல்லுற?"

அவர் குடையை ஊன்றிக்கொண்டு என் உயரத்துக்குக் குனிந்தார். பிறகு, சின்னப்பிள்ளை வழி கேட்பது போலக் கேட்டார். "அப்ப எல்லாரும் பதில் சொல்லவேணுமெண்டா என்ன செய்யுறது?"

"பேரச் செல்லி ஸலாம் குடுக்கணும். பேரச் செல்லிக் குடுத்தா அவர்தான் பதில் செல்லணும். மத்தவரு செல்லினா நீங்காது."

அடுத்த நாள் கரும்பலகையிலிருந்த சட்டங்கள் அழிந்துபோயின. டீச்சர் பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கினார். அதோடு புதிதாக ஒரு சட்டம். உன் கதையைச் சொல்லமுதல் உனக்கு முன்னால் சொன்னவரின் கதையை நீ சொல்லவேண்டும், அவர் "ஓம், அதுதான் நான் செல்லினது" என்று ஒத்துக்கொள்ளவேண்டும். கூரையில் பல்லி பார்த்தவன் எல்லாம் மாட்டிக்கொண்டான். முதல் கிழமை ஒவ்வொரு பதிலும் ஒரு சொல்தான். "ஓம்." "இல்ல." "தெரியா." டீச்சர் விடமாட்டார். "தெரியாதெண்டா எது தெரியாது?" என்று பக்கத்தில் வந்து நிற்பார். அந்த நிற்பு ஒரு தண்டனை. கத்தமாட்டார், அடிக்கமாட்டார், நகரவுமாட்டார். அவருக்குப் பின்னால் எங்கேயோ "டக்" என்று கேட்கும். அப்போதும் நகரமாட்டார்.

அதிபருக்கு இது பிடிக்கவில்லை. "கதைக்காம இரிங்கடா எண்டு செல்லத்தான் நாங்க சம்பளம் வாங்குற டீச்சர். நீங்க கதையுங்க எண்டு செல்லி வாங்குறீங்க" என்றார். கெட்டவரில்லை. ஊரில் கதை வேறு விதமாக ஓடிக்கொண்டிருந்தது: கதைக்கப் பழக்கித்தான் ஒரு பிள்ளை போனது என்று. "வித்தியாதரிசி வாறார். ஒங்கட வகுப்பைப் பாக்கட்டும். புள்ளைகள் வாய் திறந்தா நீங்க இரிங்க. திறக்காட்டி ஒங்களுக்குப் பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒண்டு ஒழுங்கு செய்யிறன். ஒங்களுக்கும் இந்தத் துறையக் கடக்குற கரைச்சல் இல்ல."

யாராக இருந்தாலும் சந்தோசமாகப் போயிருப்பார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம், தண்ணீர் இல்லை, பெப்பர்மின்ட் இல்லை. டீச்சர் சொன்னாராம்: "நான் இவையளிட்ட ஒண்டு கேக்கவேண்டிக் கிடக்கு சேர். கேக்காமப் போக ஏலாது."

பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கிற வித்தியாதரிசி சிவகுருநாதன் வந்த அன்றும் மழை. பாதையில் வந்ததில் சப்பாத்து நனைந்து, நடக்கும்போது "சளக் சளக்" என்றது. வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சப்பாத்தை நான் சும்மா விட்டிருக்கமாட்டேன். அவர் சதுரமாகக் கிடந்த வாங்குகளைப் பார்த்தார். கதிரையில் இருந்தார். டீச்சர் ஆயத்தம் செய்து வைத்திருந்த கேள்வியைக் கேட்க வாயெடுக்கமுதல், "நானே ஒண்டு கேக்கிறன்" என்றார்.

"கிண்ணியாத் துறைக்குப் பாலம் ஒண்டு வேணுமோ, பாதை போதுமோ?"

அவர் நனைந்த சப்பாத்தை நினைத்துக் கேட்டிருப்பார். அவருக்கு என்ன தெரியும்? டீச்சரின் முகம் சுவரின் நிறத்துக்கு வந்தது. நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களைப் பார்த்தோம். ஒன்று முத்தலிப்பின் இடம். மற்றது ஸாலிஹா. ஸாலிஹா மீராலெவ்வைக் காக்காவின் மகள். பாலம் வந்தால் வடம் இழுக்கிற அவளுடைய வாப்பாவுக்கு வேலை இல்லை.

டக்.

"என்ன சத்தம் அது?" என்றார் வித்தியாதரிசி.

அதிபர் என்னைப் பார்த்தார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு அது, தன்னை மாற்றி ஏற்றிப்போக வந்த பட்டணத்துப் பஸ்ஸின் சத்தம் போலக் கேட்டிருக்கும்.

ஸைனுலாப்தீன் எழும்பினான்.

"நான் சேர்." அவனுடைய குரலை நாங்கள் வகுப்பில் கேட்டதே குறைவு. "முத்தலிப் எழும்பக்குள்ள வாங்கு சரியும். விழாம நான் பாரம் குடுக்குற. ஆரும் கேள்வி கேட்டா ஒடம்பு தானாப் போவுது. அவன் எழும்புவான் எண்டு." டீச்சரைப் பார்த்தான். "பேய் இல்ல டீச்சர். நான்தான்."

டீச்சர் கண்ணைத் திறந்தார். வித்தியாதரிசி பேனாவை மூடினார். "முத்தலிப் ஆர்?" என்று கேட்கப் போனவர், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

டீச்சர் நடுவிலிருந்து நகர்ந்து பெண்பிள்ளைகளின் பக்கம் போனார். வித்தியாதரிசியின் கேள்வியை அவர் விட்டுவிட்டார் என்று எனக்கு விளங்கியது. அவர் கேட்டது தன்னுடைய கேள்வியை. பெயர் சொல்லித்தான் கேட்டார்.

"ஸாலிஹா. அண்டைக்கு உனக்கு என்ன தோணிச்சுது?"

ஸாலிஹா எழும்பி, சட்டம் சட்டம்தானே என்று, முதலில் முன்னால் சொன்னவனின் கதையைச் சொன்னாள். "ஸைனுலாப்தீன் செல்லினது, அந்தச் சத்தம் அவன்தான் எண்டு." ஸைனுலாப்தீன் தலையை ஆட்டினான். அவள் பாவாடையின் கரையைத் திருகினாள்.

"எனக்குத் தெரியும் டீச்சர். கந்தளாய்க் குளத்துக் கதவத் திறந்திரிக்கி, தண்ணி தம்பலகாமத்தால வந்து எறங்கும், பின்னேரத்துல துறையில இழுக்கும் எண்டு வாப்பா காலையில செல்லிட்டுத்தான் போனாரு. நான் கையத் தூக்கத்தான் நினைச்ச. முத்தலிப் செல்லிட்டான்தானே, பதில் வந்திட்டுதானே எண்டு இரிந்திட்டன்." பிறகு வித்தியாதரிசியின் பக்கம் திரும்பினாள். "பாலம் வேணும் சேர். வாப்பாட வேல போயிரும். எண்டாலும் வேணும்."

பிறகு கடைசி வாங்கிலிருந்து ஒருவன், "ஸாலிஹா செல்லினது, தெரிஞ்சிருந்தும் செல்லல்ல எண்டு. எனக்கும் தோணிச்சு. தோணி சின்னன் எண்டு தோணிச்சு" என்றான். இன்னொருத்தி, "மழை கறுத்துக்கொண்டு வந்திச்சு" என்றாள். ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஒருவரும் பெயருக்குக் காத்திருக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருந்தது. எல்லாத் துண்டையும் அன்றைக்கே சேர்த்து வைத்திருந்தால் ஒரு பாலமே கட்டியிருக்கலாம்.

முறை என்னிடம் வந்தபோது அழுகையும் கூடவே வந்தது. அழுகை வந்தால் நான் செய்கிற வேலை ஒன்றுதான். "ஸாலிஹாட கருத்தை மதிக்கிறன், ஆனால்," என்றேன். "பாலம் வந்தாலும் மீராலெவ்வைக் காக்காட வேல போகக் கூடாது சேர். இவ்வளவு காலமும் எங்கள இழுத்தவரு. பாலத்துக்கு நடுவுல ஒரு கதிரையப் போட்டு இருத்தணும். போறவாற எல்லாரும் அவருக்கிட்டத் தண்ணி எப்பிடி எண்டு கேட்டுட்டுத்தான் போகணும்."

ஸாலிஹா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அந்த வகுப்பில் தோணி போன நாளுக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு அது. டீச்சர் சிரிக்கவில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்த யோசனையை அவர் பிற்பாடு களவெடுத்ததை நீங்கள் முதலாம் பக்கத்திலேயே பார்த்துவிட்டீர்கள்.

மணி அடித்தும் கதை நிற்கவில்லை. வித்தியாதரிசி பஸ்ஸை விட்டுவிட்டார். போகும்போது அதிபரிடம், "உங்கட எட்டாம் வகுப்பில சத்தம் கூட" என்றார். அதிபரின் முகம் விழுந்தது. சளக் சளக் என்று நாலடி நடந்துவிட்டுத் திரும்பி, "அப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

அன்று பின்னேரம் டீச்சர் நேரே துறைக்குப் போகவில்லை. மைமூனாத்தாவின் வீட்டுக்குப் போனார். ஸாலிஹாவும் ஸைனுலாப்தீனும் பின்னால் போனார்கள். கூப்பிடாமலே நானும் போனேன். மைமூனாத்தா வாசலில் நெத்தலி காயவைத்த பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தா. டீச்சர் குடையை மடக்கிவிட்டு மழைத் தூறலில் நின்றார்.

"அண்டைக்கு நீங்கள் கேட்டதுக்குப் பதில் கொண்டு வந்தனான்" என்றார். "பிள்ளையளுக்குத் தோணினது. எல்லாருக்கும் தோணினது. வேற ஆர் எண்டு நான்தான் கேட்டன். கேட்டிட்டு நான் நிக்கேல்ல."

மைமூனாத்தா பாயைக் கீழே வைத்தா. எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தா. ஸாலிஹாவைக் கூடுதல் நேரம் பார்த்தா. ஏதாவது ஒரு சொல் வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். வந்தது சொல் இல்லை. உள்ளே போய் ஒரு துவாயை எடுத்து வந்து, நனைந்துகொண்டு நின்ற டீச்சரின் தலையில் போட்டா. பேசப் பழக்குகிற டீச்சர் துவாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

டீச்சர் பட்டணத்துக்கு மாறிப் போகவில்லை. பாலமும் வரவில்லை. வருமென்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்கிறார்கள். நான் இப்போது துறையடியில் சைக்கிள் ஒட்டுப்போடுகிறேன். டீச்சரைக் காலையும் பின்னேரமும் பார்க்கிறேன்.

ஸைனுலாப்தீனிடம் ஒருமுறை சொன்னேன், ஒரு சிரட்டைத் துண்டைக் குட்டைக்காலுக்குள் வைத்துவிட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும் என்று. "வேணாம்" என்றான். பள்ளிக்கூடத்தை விட்டு வரும்வரை அவன் அந்த வாங்கில்தான் இருந்தான். ஒவ்வொரு கலந்துரையாடலின் முடிவிலும், எல்லாரும் சொல்லி முடிந்த பிறகு, டீச்சர் "வேற ஆர்?" என்பார். ஸைனுலாப்தீனின் உடம்பு நடுவுக்குப் போகும். டக் என்று கேட்கும். பதில் வராது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அவர் குடையைத் தொடமாட்டார். ஒராள் எழும்பி, தொண்டையைச் செருமி, ஒரு பதில் சொல்லி உட்காருகிற அளவு நேரம் அந்த இடத்தைப் பார்த்து நிற்பார். பிறகுதான் போவார்.

இன்றைக்குக் காலையில் பாதையில் என்னையும் கேட்டார்.

"மஜீத், தண்ணி எப்பிடி?"

"மீராலெவ்வைக் காக்கா செல்லிட்டாரே டீச்சர்."

அவர் நின்றார். நகரவில்லை. வழியில்லாமல் நானும் குனிந்து தண்ணீரைப் பார்த்தேன்.